மலைச்சரிவில் கம்பி வேலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாட்டுக் கொட்டில் அமைப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, கொட்டிலுக்கு வெளியே போடும் வேலியைக் குறித்துப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கேட்பது ஒன்றையே: எந்தக் கம்பி நல்லது? உள்ளே நிற்கும் விலங்கு எது, நிலம் எந்தப் பக்கம் எவ்வளவு சரிகிறது, வெளியிலிருந்து வரக்கூடியது எது என்ற மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. ஆகவே தம் நிலைமையை விரிவாக எழுதிய வாசகர்களின் கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு அரை ஏக்கர் நிலம் உண்டு. முன்பு தேயிலை நின்ற சரிவு. இப்போது புல் வளர்ந்திருக்கிறது. இரண்டு பிரீசியன் கலப்புப் பசுக்களையும் ஒரு கிடாரியையும் பகலில் அதில் அவிழ்த்துவிட விரும்புகிறோம். கீழ்ப்பக்கத்தில் பக்கத்து வீட்டாரின் லீக்ஸ் தோட்டம் இருக்கிறது. முட்கம்பி போடுவதா, வலைக்கம்பி போடுவதா? ஹாட்வெயார் கடையில் கிலோக் கணக்கில் விற்கும் முட்கம்பி மலிவாகத் தெரிகிறது. (வாசகர், லிந்துலை)

பதில்: மாடு வேலியைத் தோண்டாது, ஏறாது. அது செய்வது இரண்டுதான்: அப்பால் பச்சை தெரிந்தால் கழுத்தை நீட்டும், உடம்பு அரித்தால் கட்டையில் சாய்ந்து தேய்க்கும். இந்த இரண்டையும் தாங்க வலைக்கம்பி தேவையில்லை. நன்கு இழுத்துக் கட்டிய நான்கு வரிக் கம்பி போதும். அந்தப் பணத்தை மூலைக்கட்டைகளில் செலவிடுங்கள்.

நான்கு வரியும் முட்கம்பியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிரீசியன் கலப்பில் மடி தாழ்ந்து தொங்கும். சரிவில் கால் வழுக்கிய பசு கீழ்வரிக் கம்பியில் விழுந்தால் முதலில் கிழிவது காம்புதான். கிழிந்த காம்பு ஆறினாலும் அந்த மடிப்பகுதியில் பால் கறப்பது பழைய நிலைக்கு வருவது அரிது. காயத்தின் வழியே மடிவீக்கமும் தொற்றிக்கொள்ளும். ஆகவே தரையிலிருந்து 16, 26, 36, 48 அங்குல உயரங்களில் நான்கு வரி போட்டு, கீழ் இரண்டையும் முள்ளில்லாத உருக்குக் கம்பியாகவும், கழுத்தை நீட்டும் உயரத்தில் வரும் மேல் இரண்டை மட்டும் முட்கம்பியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைக் கட்டைக்கு உட்புறமாக, அதாவது மாடு நிற்கும் பக்கமாக அடிக்க வேண்டும். அப்போது மாடு சாயும் பாரம் கட்டையில் இறங்கும். வெளிப்புறம் அடித்தால் அதே பாரம் ஆணியைப் பிடுங்கும்.

கிலோக் கணக்கில் வாங்குவதைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. எடையில் விற்கும்போது மெல்லிய கம்பி கூடுதல் நீளம் தரும்; அதனால்தான் அது மலிவாகத் தெரிகிறது. 2.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் கம்பி மீற்றருக்கு ஏறக்குறைய 38 கிராம் இருக்கும், 1.6 மில்லிமீற்றர் கம்பி 16 கிராம்தான் இருக்கும். முட்கம்பியில் இரண்டு இழை முறுக்கப்பட்டிருப்பதால், முட்களின் எடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் முதலாவது மீற்றருக்கு 77 கிராம், இரண்டாவது 32 கிராம். ஒரே தர உருக்காக இருந்தால் வலிமையும் இதே கணக்கில், ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபடும். ஆகவே கடையில் கிலோ விலையோடு நில்லாமல், சுருளில் எத்தனை மீற்றர் இருக்கிறது, கம்பியின் தடிப்பு எவ்வளவு என்று கேட்டு, மீற்றருக்கு என்ன விலை விழுகிறது என்று கணக்கிடுங்கள். தடிப்பைச் சொல்ல மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்தது நீளம். அரை ஏக்கர் என்பது 80 பேர்ச். அது சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 590 அடி. ஓடையோரமாக நீண்டு கிடக்கும் துண்டாக, 75 அடி அகலமும் 290 அடி நீளமுமாக இருந்தால், அதே பரப்புக்குச் சுற்றளவு 730 அடி. நான்கு வரிக்கு வித்தியாசம் 560 அடிக் கம்பி. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நில அளவைப் படத்தில் உள்ள நீளம் கிடைமட்ட நீளம்; கம்பி போவதோ சரிவின் மேல். முப்பது பாகைச் சரிவில் மேலிருந்து கீழாக ஓடும் பக்கம் படத்தில் உள்ளதைவிட ஏழில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீளும். கயிற்றைத் தரையோடு படியவைத்து நடந்து அளப்பதே நம்பகமானது.

மலைநாட்டில் வேலி விழுவது பெரும்பாலும் கம்பி அறுந்து அல்ல, மூலைக்கட்டை சாய்ந்துதான். நான்கு கம்பிகளின் இழுப்பும் இரவு பகலாக அந்த ஒரு கட்டையில் நிற்கிறது. மழையில் மண் ஊறி இளகும்போது அது உள்நோக்கிச் சாய்கிறது, எல்லா வரியும் ஒன்றாகத் தொய்கின்றன. மூலைக்கட்டை ஆறு அங்குலத்துக்குக் குறையாத விட்டமும், மண்ணுக்குள் மூன்று அடிக்குக் குறையாத ஆழமும் கொண்டதாக இருக்கட்டும். வேலி ஓடும் திசையில் ஏழெட்டு அடி தள்ளி இரண்டாவது கட்டை நட்டு, இரண்டின் தலைப்பகுதிகளுக்கும் இடையில் ஒரு குறுக்குக் கட்டையைப் பொருத்துங்கள். பிறகு மூலைக்கட்டையின் அடியிலிருந்து இரண்டாவது கட்டையின் தலைக்குக் குறுக்காக இரட்டைக் கம்பி கட்டி, நடுவில் ஒரு கோலைச் செருகி முறுக்க வேண்டும். இந்தத் திசை முக்கியம். மாற்றி, மூலைக்கட்டையின் தலையிலிருந்து இரண்டாவதன் அடிக்குக் கட்டினால் அந்தக் கம்பி எந்தப் பாரத்தையும் தாங்காது. இடைக்கட்டைகள் பத்து முதல் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக, இரண்டு அடி ஆழத்தில் இருந்தால் போதும்.

நிலம் பள்ளமாகும் இடத்தில் கம்பியை இழுத்ததும் அங்குள்ள கட்டையை அது மேலே பிடுங்கப் பார்க்கும். அத்தகைய இடத்தில் ஒரு பெரிய கல்லில் தடித்த கம்பியைச் சுற்றி, இரண்டரை அடி ஆழத்தில் புதைத்து, கட்டையை அதனோடு பிணைக்க வேண்டும். பழைய தேயிலை நிலமென்றால் குறுக்கே கான்கள், அதாவது மழைநீர் வடிகால்கள், ஓடும். கானுக்குள் கம்பியைத் தாழ்த்திக் கட்டினால் முதல் பெருமழையிலேயே இலையும் குச்சியும் அடைத்து, தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து லீக்ஸ் பாத்திக்குள் இறங்கும். வேலியைக் கானுக்கு மேலே நேராகக் கொண்டுபோய், கீழே இருக்கும் இடைவெளியை மூன்று நான்கு கம்புகளைக் கம்பியில் தொங்கவிட்டு மறையுங்கள். வெள்ளம் வரும்போது அவை தாமே விலகிக் கொடுக்கும். கானின் விளிம்பில் கட்டை நட வேண்டாம்.

வேலி முடிந்த அன்று செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வெட்டி எறிந்த கம்பித் துண்டுகளையும் விழுந்த ஆணிகளையும் ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். மாடு நாக்கால் சுழற்றி இழுத்து, மெல்லாமல் விழுங்கும் பிராணி. புல்லோடு கம்பி போவது அதற்குத் தெரியாது. விழுங்கிய துண்டு வலைபோன்ற இரண்டாம் இரைப்பையில் தங்கி, அதன் சுவரைத் துளைக்கிறது. அதற்கு மிக அருகில் இருப்பது இதயம். தீனி குறைந்து, முதுகை வளைத்து, சரிவில் இறங்கத் தயங்கி, முனகிக்கொண்டு நிற்கும் பசுவுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் தாமதியாமல் கால்நடை வைத்தியரை அழையுங்கள். வேலி போட்டது எப்போது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய பழைய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வேலியோரமாக இழுத்துச் சென்றால் கண்ணுக்குத் தப்பியவையும் ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: பன்னிரண்டு வெள்ளாடுகள் வளர்க்கிறேன். ஐந்து வரி முட்கம்பி போட்டும் ஆடுகள் நுழைந்து போகின்றன. உரோமமும் தோலும் கம்பியில் இருக்கின்றன. உறவினர் ஒருவரின் யோசனைப்படி சதுர வலை போட்ட ஒரு பக்கத்தில், கொம்புள்ள கிடாய் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. என்ன வலை வாங்குவது? (வாசகி, ஹாலிஎல)

பதில்: அம்மா, ஆட்டுக்கு முட்கம்பி பொருந்தாது. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்று ஆடு நம்புகிறது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கிறது. முள் அதைத் தடுப்பதில்லை, கிழிக்க மட்டுமே செய்கிறது. அந்தக் காயங்களின் வழியே ஏற்பு நோய் (டெட்டனஸ்) வரலாம் என்பதால், இப்போது கீறலுள்ள ஆடுகளை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கிடாய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் வலையின் கண் அளவு. ஆறு அங்குலக் கண் மிக மோசமானது. தலை உள்ளே போகும். கொம்பு பின்னோக்கி வளைந்திருப்பதால் திரும்பி வராது. வெயிலிலோ மழையிலோ மாட்டிக்கொண்டு நிற்கும் ஆட்டை நாய்கள் கண்டால் கதை முடிந்தது. கண் நான்கு அங்குலத்துக்கு மேற்படாத பின்னல் வலையை, நான்கு அடி உயரத்தில் வாங்குங்கள். குட்டிகள் உண்டென்றால் தரையோடு வரும் முதல் ஒன்றரை அடியில் கண் இன்னும் சிறியதாக இருக்க வேண்டும். இரண்டு கம்பிகள் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். ஒட்டு வைத்த மெல்லிய வலையில் ஆடு முன்னங்காலைத் தூக்கி வைத்து நிற்க, ஒட்டுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும்; ஒரு கம்பியை மற்றதில் சுற்றி முடிச்சிட்ட பின்னல் வலை வளைந்து மீண்டும் நிமிரும். விலை கூடுதல்தான், ஆனால் ஆட்டுக்கு அதுவே தகும்.

உங்கள் கடிதத்தில் நிலம் மேற்குப் பக்கமாக வேலியை நோக்கிச் சரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் நான்கு அடி போதாது. முப்பது பாகைச் சரிவில், வேலிக்கு மூன்று அடி மேலே நிற்கும் ஆட்டின் கால், வேலியின் அடியைவிட ஒன்றே முக்கால் அடி உயரத்தில் இருக்கிறது. நான்கு அடி வேலி அதன் கண்ணுக்கு இரண்டேகால் அடிதான். தாண்டாமல் இருந்தால்தான் வியப்பு. வேலிக்கு உட்புறம் நான்கைந்து அடி அகலத்துக்கு மண்ணைச் சமப்படுத்த முடியுமானால் அதைச் செய்யுங்கள். சரிவை வெட்டுவது ஆபத்தான இடமென்றால் வேலியின் உயரத்தை ஐந்தரை அடியாக்குங்கள். வேலியோரத்தில் கல்லும் மரக்குற்றியும் கிடக்க விடாதீர்கள். ஆடு அவற்றைப் படியாக்கிக்கொள்ளும்.

ஹாலிஎலயின் உயரத்தில் கிளிரிசிடியா நன்றாக வரும். மழைக்கால ஆரம்பத்தில் ஆறடிப் போத்துகளை நட்டால் உயிர்க்கட்டையாக நிற்பதோடு தழையும் தரும். தழையை வெட்டிச் சற்று வாடவிட்டுக் கொடுத்தால் ஆடுகள் விரும்பித் தின்னும். ஆணியை நேராக மரத்தில் அடித்துக் கம்பியைப் பிணைத்தால், மரம் தடிக்கும்போது கம்பியை விழுங்கிவிடும். பட்டையோடு ஒரு மரச்சட்டத்தை வைத்து, அதில் கம்பியை அடியுங்கள். நுவரெலியா, கந்தப்பளை போன்ற குளிர்ப் பகுதி வாசகர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளிரிசிடியாவை நம்ப வேண்டாம். அந்த உயரத்தில் அது தேறாது.

கேள்வி: எங்கள் பகுதியில் மழை ஓய்வதில்லை. மூன்று வருடத்துக்கு முன் போட்ட கம்பி துருப்பிடித்து உதிர்கிறது. பச்சைப் பிளாஸ்திக் பூசிய கம்பி துருப்பிடிக்காது என்கிறார்கள். உண்மையா? (வாசகர், வட்டவளை)

பதில்: கம்பியைக் காப்பது அதன் மேலுள்ள நாக (துத்தநாக) உலோகப் பூச்சு. நாகம் மழையில் மெல்ல மெல்லக் கரைந்து தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது; ஆகவே பூச்சு இரண்டு மடங்கு தடிப்பானால் ஆயுளும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கடையில் கல்வனைஸ் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும் வேறுபாடு இருக்கிறது. கனத்த பூச்சு என்று சொல்லத்தக்கது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 240 கிராம் நாகம் கொண்டது; சாதாரணமாகக் கிடைக்கும் மெல்லிய பூச்சில் அதன் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். உங்கள் கம்பி மெல்லிய பூச்சுடையதாக இருந்திருக்க வேண்டும். வாங்குமுன் ஒரு துண்டை அதே கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். பூச்சு செதிலாக உரிந்தால் அதை விட்டுவிடுங்கள். சுருளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது ஈரத்தில் அடுக்கிவைக்கப்பட்டு, பூச்சில் ஒரு பகுதியை ஏற்கெனவே இழந்தது என்று பொருள்.

பிளாஸ்திக் பூச்சைப் பற்றிக் கேட்டதற்கு: அடியில் நல்ல நாகப் பூச்சு இருந்தால் அது பயன் தரும். இல்லாவிட்டால், வெட்டிய முனையிலும் மாடு உரசிக் கீறிய இடத்திலும் தண்ணீர் புகுந்து உள்ளேயே தங்கி, வெளியில் பச்சையாகத் தெரியும்போதே உள்ளே கம்பி இற்றுப்போகும். பசளை மூட்டை, சாணக்குவியல், மூத்திரம் வழியும் கொட்டில் வாய்க்கால் ஆகியவற்றின் அருகே எந்தக் கம்பியும் விரைவில் கெடும். குவியலை வேலியிலிருந்து தள்ளி வையுங்கள். தேயிலை நின்ற மண் புளிப்புத்தன்மை உடையது. ஆதலால் இரும்புக் கட்டைகளை நடுவதாயின், மண்மட்டத்துக்கு மேலும் கீழும் ஓரடிக்குத் தார் பூசுங்கள். கட்டை முறிவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் முப்பது நாட்டுக்கோழிகள். கோழிவலை போட்டும் இரவில் கோழிகள் குறைகின்றன. (வாசகி, பண்டாரவளை)

பதில்: அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், கீரியையும் மரநாயையும் நாயையும் வெளியே நிறுத்தாது. அதன் கம்பி அவ்வளவு மெல்லியது. பகலில் மேயும் முற்றத்துக்கு அது போதும். இரவில் அடையும் கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள ஒட்டுவலையைக் கூரையையும் சேர்த்து நாற்புறமும் அடியுங்கள். தரையோடு வரும் வலையை வெளிப்புறமாக ஓரடி மடக்கி மண்ணுக்குக் கீழே பரப்பிவிட்டால், தோண்டிவரும் பிராணி வலையின் மேலேயே தோண்டிக்கொண்டிருக்கும். கதவின் அடியிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு விரல் நுழைந்தால் அதுவே வழி.

கேள்வி: நாங்கள் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். லயத்துக்குக் கீழே தரிசாகக் கிடக்கும் தோட்டக் காணியில் புல் இருக்கிறது. அதைச் சுற்றிக் கட்டை நட்டு வேலி போடலாமா? (வாசகர், டிக்கோயா)

பதில்: எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் ஒரு கட்டையும் நட வேண்டாம். தோட்டங்களின் நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளிடம் சென்றிருந்தாலும் காணி பெரும்பாலும் அரசுடையது. தரிசாகத் தெரியும் துண்டில் நாளை மரம் நடத் திட்டம் இருக்கலாம். வாய்ப்பேச்சில் கிடைத்த சம்மதம் தோட்டத் துரை மாறும்போது போய்விடும். பிடுங்கப்படுவது உங்கள் பணத்தில் வாங்கிய கம்பி. அனுமதி கிடைத்தாலும் கொங்கிரீட் தூண் போன்ற நிலையான வேலை செய்யாமல், எளிதில் பிடுங்கி வேறிடம் கொண்டுசெல்லக்கூடிய கட்டையும் கம்பியும் போடுங்கள். ஏழு பேர்ச் அளவுள்ள வீட்டுக்காணி மட்டுமே உள்ளவர்களுக்கு என் ஆலோசனை, வேலிக்குச் செலவிடாமல் பசுவைக் கொட்டிலிலேயே கட்டி, புல்லை வெட்டிவந்து போடுவதுதான். 177 சதுர மீற்றரில் ஒரு பசுவுக்கு மேய்ச்சல் கிடையாது.

கேள்வி: காட்டுப்பன்றிகள் உருளைக்கிழங்குப் பாத்திகளைக் கிளறுகின்றன, மாடுகளும் வேலியைத் தள்ளுகின்றன. மின்வேலி போட்டால் இரண்டுக்கும் உதவும் என்கிறார்கள். பக்கத்துக் காணிக்காரர் வீட்டு மின்சாரத்திலிருந்து ஒரு கம்பியை இரவில் மட்டும் வேலிக்குக் கொடுப்பதாகச் சொன்னார், செலவும் இல்லையாம். நாங்களும் அப்படிச் செய்யலாமா? (வாசகர், பொகவந்தலாவ)

பதில்: கூடவே கூடாது. அது உயிர்க்கொலை, சட்டப்படி குற்றமும் ஆகும். இதை இவ்வளவு நேராகச் சொல்வதற்குக் காரணம், இலங்கையில் இப்படிக் கம்பியில் கொடுத்த வீட்டு மின்சாரத்தில் மனிதர்கள் இறந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான். அதிகாலை கொழுந்துக்குப் போகிறவர்கள், இரவில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள், பந்தைத் தேடிப்போகும் பிள்ளைகள், வேலி போட்டவரின் வீட்டாரே கூட அதற்குப் பலியாகலாம். இன்றே அந்த அயலவரிடம் பேசுங்கள்; கேட்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். இதில் அயல் உறவு கெடும் என்று தயங்கக் கூடாது.

சரியான மின்வேலி முற்றிலும் வேறானது. வறண்ட பிரதேசங்களில் யானை வேலியைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எனர்ஜைசர் என்ற கருவி, செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு துடிப்பாக, அதுவும் செக்கனின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்கு மட்டும் மின்னைக் கம்பியில் அனுப்புகிறது. அழுத்தம் ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருந்தாலும் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ள சக்தி மிகச் சிறியது. இரண்டு துடிப்புகளுக்கு இடையில் விலகிச்செல்ல அவகாசம் உண்டு. வீட்டு மின்சாரமோ இடைவிடாமல் பாய்ந்து தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தொட்டவரால் கையை எடுக்க முடியாது. அழுத்தம் 230 வோல்ட்தானே என்று எண்ணுவது இதனால்தான் தவறு.

பன்றிக்கு எட்டு அங்குலத்திலும் பதினெட்டு அங்குலத்திலும் இரண்டு வரி. மாட்டுக்கு முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு வரி. முள்ளில்லாத கம்பி மட்டுமே பயன்படுத்த வேண்டும். முட்கம்பியில் மின் கொடுத்தால், மாட்டிக்கொண்ட உயிர் விலக முடியாமல் துடிப்புக்கு மேல் துடிப்பாக வாங்கும். ஒரு ஏக்கருக்கு உட்பட்ட நிலத்துக்கு ஒரு ஜூலுக்கு உட்பட்ட சிறிய கருவியே போதும்.

மின்வேலி வேலை செய்யவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நிலத்தொடுப்பு. கம்பியைத் தொடும் விலங்கின் உடம்பு வழியாகச் சென்ற மின் மண்ணில் இறங்கிக் கருவிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி உண்டாகும். ஆறடி நீளமுள்ள நாகம் பூசிய மூன்று கோல்களைப் பத்து அடி இடைவெளியில், ஈரம் காயாத இடத்தில் இறக்கி ஒன்றாக இணையுங்கள். வீட்டு மின்னிணைப்பின் நிலத்தொடுப்பிலிருந்து முப்பது அடிக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். பொகவந்தலாவையின் ஈர மண் இதற்கு உதவும். அதே ஈரம் புல்லையும் வளர்க்கும். கம்பியைத் தொடும் ஒவ்வொரு ஈரப்புல்லும் மின்னை மண்ணுக்கு இறக்குவதால், கீழ்வரிக்கு அடியில் தவறாமல் புல் வெட்ட வேண்டும். கருவியிலிருந்து மிகத் தூரமான இடத்தில் வோல்ட் அளவி வைத்துப் பாருங்கள். அங்கே நாலாயிரம் வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

சூரியத் தகடு வைத்த கருவி வாங்குவதானால் மே முதல் செப்டெம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவ மழைக்காலத்தை நினைத்து வாங்குங்கள். நாட்கணக்கில் மேகமூட்டம் நிற்கும் மலைச்சரிவில் சமவெளிக்குப் போதுமான தகடு போதாது. தகட்டையும் மின்கலத்தையும் ஒரு படி பெரியதாக எடுக்க வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னலுக்கு முன் கருவியை வேலியிலிருந்து கழற்றிவிடுங்கள். பாதையோரத்தில் எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். எழுத்துத் தெரியாத சிறுவர்களுக்காக மின்னல் அடையாளமும் இருக்கட்டும். மாடுகளை முதலில் ஒரு சிறிய அடைப்பில், கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் துணி கட்டிய மின்கம்பிக்குப் பழக்குங்கள். ஒருமுறை மூக்கால் தொட்டு அறிந்த மாடு பிறகு அந்தக் கம்பியை மதிக்கும். பழக்காமல் விரட்டிய மாடு அதை அறுத்துக்கொண்டு ஓடும்.

கேள்வி: தோட்ட எல்லையில் காடு இருக்கிறது. சிறுத்தை இரவில் வந்து ஒரு கன்றையும் இரண்டு ஆடுகளையும் பிடித்துவிட்டது. எவ்வளவு உயரமான வேலி போட்டால் அது வராது? சிலர் பன்றிக்கு வைப்பது போலச் சுருக்குக் கம்பி வைக்கச் சொல்கிறார்கள். (வாசகர், மஸ்கெலியா)

பதில்: உங்கள் இழப்பு சிறியதல்ல. பால் பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீட்டில் ஒரு கன்று போவது என்ன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: திறந்த வேலி எதுவும் சிறுத்தையைத் தடுக்காது. ஆறடி வேலியை அது எளிதாகத் தாண்டும். கட்டையில் ஏறியும் இறங்கும். மேய்ச்சல் நிலத்து வேலியை உயர்த்தச் செலவிட நினைக்கும் பணத்தை இரவுக் கொட்டிலுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அது வருவது இருட்டிய பின்தான். பொழுது சாயுமுன் கன்றுகளும் ஆடுகளும் நாற்புறமும் மூடிய கொட்டிலுக்குள் வந்துவிட வேண்டும்.

அந்தக் கொட்டிலுக்கு 3 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பும் இரண்டு அங்குலக் கண்ணும் உள்ள ஒட்டுவலையை, மரச்சட்டத்தில் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் பட்டி வைத்து அடியுங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுக்காக விடும் இடைவெளியையும் வலையால் மூட வேண்டும். சிறுத்தை நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். ஆட்டுக்கூட்டின் தளம் உயரத்தில் சட்டங்களால் ஆனதென்றால், அடியில் புகுந்து கால்களைப் பிடிக்காதபடி கீழ்ப்பக்கத்தையும் அடையுங்கள். கதவுக்கு மரக்கொண்டி போதாது; தள்ளினால் திறக்காத இரும்புத் தாழ்ப்பாள் வேண்டும். கொட்டிலைச் சுற்றி முப்பது அடிக்குப் பற்றையை வெட்டிச் சுத்தமாக வைத்திருங்கள்; பதுங்க இடமில்லாத வெளியைக் கடந்துவர சிறுத்தை தயங்கும். நாயை வெளியே கட்டிவைப்பது காவல் ஆகாது. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை, அதுவே அதை முற்றத்துக்கு அழைத்துவரும்.

சுருக்குக் கம்பியைப் பற்றிச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். சிறுத்தை வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. இலங்கையில் உள்ள அதன் உப இனம் உலகில் வேறெங்கும் இல்லை. 2020 மே மாதத்தில் உங்களுக்கு அருகிலுள்ள நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிய கருஞ்சிறுத்தை ஒன்று, மீட்கப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. பன்றிக்கு வைத்தது என்று சொன்னாலும் சுருக்கு ஆள் பார்த்து இறுகுவதில்லை. மலையகத் தோட்டங்களில் சிறுத்தைகள் இறப்பதற்கு இந்தக் கம்பிகளே முக்கியக் காரணம். உங்கள் பசுவின் காலையும் அதே சுருக்கு அறுக்கும். கம்பி சதையில் இறங்கிய காலைக் காப்பாற்றுவது வைத்தியருக்கும் கடினம்.

கால்நடையைச் சிறுத்தை அடித்துப் போட்டால் உடலில் நஞ்சு வைப்பதும் குற்றம். அதைத் தின்னும் நாய்களும் பறவைகளும் சாகும். உடலை அசைக்காமல், வனசீவராசிகள் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்து, காலடித் தடங்களையும் காயங்களையும் படமெடுத்து வையுங்கள். எங்காவது சுருக்கில் உயிருடன் மாட்டிய சிறுத்தையைக் கண்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர விடாதீர்கள்; அது எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு கம்பி இறுகும். அவிழ்க்கவும் முயலாதீர்கள். ஆட்களைத் தூரத்தில் நிறுத்தி, சத்தத்தை அடக்கி, உடனே திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ தொலைபேசியில் அறிவியுங்கள். மயக்க ஊசியோடு வைத்தியர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.